அறுபத்திரண்டு கிலோமீட்டர்

மே 12, ஞாயிறு. மாலை 6.40.

மீன்சுருட்டிக்கு வெளியே, சாலையோரப் பள்ளத்தில் ஒரு சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி நல்லுசாமி கிடந்தார். வயது ஐம்பத்தாறு. மாட்டுக்குத் தவிடு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர். தவிடு சாலையெங்கும் சிதறியிருந்தது. ஆடு ஓட்டி வந்த பெண் கூச்சல் போட்டு ஆட்களைக் கூட்டியபோது உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

இடித்த காரைக் காணோம். அதன் இடது ஹெட்லைட்டின் உடைந்த துண்டுகள் மட்டும் கிடந்தன. பக்கத்து டீக்கடை கேமராவில் வெள்ளைக் காரின் நம்பர் விழுந்திருந்தது. ஓட்டியவர் முகம் விழவில்லை.

மே 17, வெள்ளி. காலை 9.30.

பானுப்ரியா மீன்சுருட்டி காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் வீரமணி கேஸையே முடித்துவிட்ட தெம்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பானுப்ரியா அரியலூர்க்காரி. இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, எது இந்த விபத்தில் பட்ட அடி, எது போன வருஷத்து அடி என்று பிரித்துச் சொல்வது அவள் பிழைப்பு. வாய் திறந்து பேசும் மனிதர்களைவிட வாய் திறக்காத பம்பர்களை நம்பலாம் என்பது பதினோரு வருஷத்தில் அவள் கண்ட ஞானம். ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடி. இதனால் அவளுக்கு ஆபீஸில் நண்பர்கள் குறைவு.

"உங்களுக்கு இங்க வேலையே இல்ல மேடம்," என்றார் வீரமணி. "பழைய பாலிசி மே 3-லயே முடிஞ்சிருக்கு. புதுசு 13-ந்தேதி தான் ஆரம்பம். ஆக்சிடென்ட் 12-ல. உங்க கம்பெனி ஒரு பைசா தர வேணாம். ஆள அடிச்சுப் போட்டுட்டு மறுநாளே ஓடிப்போய் இன்சூரன்ஸ் போட்டிருக்கான் பாருங்க, எம்மாந் தைரியம்!"

அவர் கை காட்டிய பெஞ்சில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ராஜவேல், அரும்பாவூர். போர்வெல் மோட்டார் மெக்கானிக். முப்பது வயது இருக்கும். இரண்டு கைகளாலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துறேன். ராத்திரிக்கு ஜெயில்."

வாசல் வேப்பமரத்தடியில் நல்லுசாமியின் மனைவி கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அங்கேதான். நேற்று மாலை ராஜவேலை உள்ளே கூட்டிப் போனபோது அவள் பார்த்த பார்வையில் அவன் குனிந்த தலை இன்னும் நிமிரவில்லை.

பானுப்ரியா ஃபைலை வாங்கினாள். பிரித்ததும் புருவம் உயர்ந்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பார்கள், ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், சீட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இவன் வண்டியின் ஜாதகத்தையே எடுத்திருந்தான். ஆர்.சி. நகல், அரசு இணையதளத்தில் ஓனர் பெயரைச் சரிபார்த்த பக்கம், அபராதம் எதுவும் பாக்கியில்லை என்ற பக்கம், பழைய கடன் முடிந்து பேங்க் கொடுத்த என்.ஓ.சி., சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதிகூட இருந்தது.

"இவ்வளவு பாத்தவன் எங்கப்பா கோட்டை விட்டே?"

"எல்லாம் பாத்தேங்க. எம் பொண்டாட்டி தென்றலுக்கு இது எட்டாம் மாசம். அரும்பாவூர்லேருந்து பஸ்ல பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அலைய முடியலன்னு தான் கார். ஃபுல் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தா தான் வண்டியத் தொடுவேன்னு புரோக்கர்ட்ட சொல்லிப்புட்டேன். அதனால தாங்க 13-ந்தேதி போட்டாங்க. எனக்கு வண்டி வந்ததே 14-ந்தேதி, செவ்வாக்கிழமை."

வீரமணி ஒரு தாளை மேசையில் தட்டினார். டெலிவரி நோட். தேதி மே 10, வெள்ளி, காலை 9.15. கிலோமீட்டர் 68,431. கீழே இரண்டு கையெழுத்து. ஓனருக்காகப் புரோக்கர் ராசாங்கம், வாங்கியவர் ராஜவேல்.

"இது யார் கையெழுத்துடா?"

"எங்கையெழுத்து தாங்க. ஆனா எழுதினது செவ்வாக்கிழமை. செவ்வாயில யாருங்க வண்டி எடுப்பா? அதுவும் புள்ளத்தாச்சிக்காக எடுக்குற வண்டி. நான் தயங்கினேன். 'அட்சய திருதியை அன்னிக்கே அட்வான்ஸ் கொடுத்துட்டீங்க, அந்தத் தேதியவே போட்டுக்குவோம்'னாரு ராசாங்கம். எனக்கும் நிம்மதியா இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தே?"

"வீட்டுல தனியா. தென்றல் அவ அம்மா வூட்டுல இருந்துச்சு. எம் போன, டிஸ்ப்ளே மாத்தணும்னு கடையில கொடுத்திருந்தேன்."

"கேட்டீங்களா மேடம்? நல்ல நாளுன்னு பொய்த் தேதி போட்டானாம். கோர்ட்ல சிரிப்பாங்க."

பானுப்ரியா சிரிக்கவில்லை. நகை ரசீதிலிருந்து புதுமனைப் பத்திரிகை வரை இந்த ஜில்லாவில் எத்தனை காகிதம் நல்ல நாளைத் தூக்கிச் சுமக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நோட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். தேதி ஒரு கையெழுத்து, கிலோமீட்டர் இன்னொன்று.

"கிலோமீட்டர் யார் எழுதினது?"

"நான் தாங்க. சாவி வாங்கினதும் மீட்டரப் பாத்து எழுதினேன்."

அவள் மறுபடியும் இரண்டு பாலிசிகளையும் பார்த்தாள். மே 3-இல் முடிந்தது ஒன்று, மே 13-இல் தொடங்கியது ஒன்று. வெளியே போய்த் தன் கம்பெனிக்குப் போன் செய்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள். திரும்பி வந்தாள்.

"சார், நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

"எதுக்கு? இவன் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல சார். ஆனா இவன் ஜெயிலுக்குப் போனா, அந்தம்மா புருஷனைக் கொன்னவன் வூட்டுல கறிச்சோறு சாப்பிடுவான். அது எனக்குப் பொறுக்காது."

காலை 11.15. உடையார்பாளையம்.

காரின் ஆர்.சி. இன்னும் ஜெயப்பிரகாஷ் பேரில்தான் இருந்தது. முந்திரித் தோப்பும் நெல் வயலுமாக நிலபுலன் உள்ள மனிதர். போர்ட்டிகோவில் பளபளவென்று பெரிய கார் ஒன்று நின்றது.

"உட்காருங்கம்மா. போலீஸ்ல எல்லாம் சொல்லிட்டேன். 2-ந்தேதி ராசாங்கத்துக்கிட்ட வண்டிய வுட்டேன், ரசீது வச்சிருக்கேன். அதுக்கப்புறம் அத நான் கண்ணால பாக்கல."

"இன்சூரன்ஸ் உங்க பேருல போட்டிருக்கே?"

"ஆர்.சி. எம் பேருல இருந்தா பாலிசியும் எம் பேருல தானே? ஓடிபி வந்துச்சு, சொன்னேன். போட்டோ எடுக்கச் சொல்லி ஒரு லிங்க் வந்துச்சு, அத ராசாங்கத்துக்கே அனுப்பிட்டேன்."

"பெரிய வண்டி புதுசா இருக்கே."

"திங்கக்கிழமை தான் சர்வீஸ் முடிஞ்சு வந்துச்சு."

கிளம்பும்போது பானுப்ரியா தன் காரின் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கினாள். பயணப்படி எழுதி வயிறு வளர்க்கும் சர்வேயர் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான்.

மதியம் 12.30. அரியலூர்.

சிமெண்ட் லாரிகள் கிளப்பிய வெள்ளைத் தூசு ராசாங்கத்தின் ஷெட் முழுவதும் படிந்திருந்தது. அங்கே வண்டியை நிறுத்தியபோது ட்ரிப் மீட்டர் 30 காட்டியது.

ராசாங்கம் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் மூன்று போன்.

"10-ந்தேதி காலையில பெரம்பலூர் பாலக்கரையில வச்சு சாவி கொடுத்தேங்க. நோட்ல இருக்கே."

"இங்கேருந்து பாலக்கரை எவ்வளவு தூரம்?"

"முப்பத்திரண்டு கிலோமீட்டர். கண்ணக் கட்டி விட்டாக்கூடப் போயிருவேன்."

"வழியில எங்கயும் சுத்தலையே?"

"பெட்ரோல் என்ன சும்மாவா வருது? நேராப் போயி நேரா நின்னேன்."

"மூணு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. ஓனரையும் வரச் சொல்லியிருக்கேன். ஒரு வாக்குமூலம், அவ்வளவு தான்."

மதியம் 2.10.

போன் அதிர்ந்தது. கம்பெனி அனுப்பிய ஆறு படங்கள். மே 13, திங்கள், காலை 10.12-க்கு எடுத்தவை. எடுத்தவர் லொகேஷனை அணைத்துவைத்திருந்தார். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், எந்த ஊர்ச் சுவர் என்று சொல்ல முடியாது. காரின் வலது ஹெட்லைட் வயதான கண்ணைப்போல மங்கி மஞ்சளாயிருந்தது. இடது ஹெட்லைட் புத்தம் புதியது.

கடைசிப் படம் மீட்டர். 68,369.

பானுப்ரியா காரை ஓரங்கட்டிவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் கழித்துப் பார்த்தாள். பிறகு வாங்கி வைத்திருந்த தயிர்ச்சோற்றைப் பசியோடு சாப்பிட்டாள்.

மதியம் 3.05. காவல் நிலையம்.

ஜெயப்பிரகாஷ் நாற்காலியில், ராசாங்கம் நின்றபடி, ராஜவேல் பெஞ்சில். வீரமணி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், எல்லாரும் பாத்துட்டு விட்ட விஷயம் ஒண்ணு. பாலிசியில பத்து நாள் இடைவெளி. நீங்க அத இவன் குத்தத்துக்குச் சாட்சியா எடுத்தீங்க. ஆனா ஃபுல் இன்சூரன்ஸ் காலாவதியாகி நாளாயிட்டா, கம்பெனி சும்மா புதுப்பிக்காது. வண்டி என்ன நிலைமையில இருக்குன்னு அப்பவே போட்டோ எடுத்து அனுப்பணும். மீட்டரையும் எடுக்கணும்." போனை மேசையில் வைத்தாள். "13-ந்தேதி மீட்டர் 68,369. ராசாங்கம், உங்க நோட்ல 10-ந்தேதியே 68,431. கார் பின்னால ஓடுமா?"

ராசாங்கத்தின் பற்கள் மறைந்தன.

"அது... நல்ல நாளாப் போடலாம்னு..."

"அப்ப கொடுத்தது 14-ந்தேதி. ஆமாவா இல்லையா?"

"ஆமாங்க."

ராஜவேல் முதல் முறையாகத் தலை நிமிர்ந்தான்.

"போட்டோ எங்க எடுத்தது?"

ராசாங்கத்தின் கண் ஒரு நொடி நாற்காலிப் பக்கம் போய்த் திரும்பியது. "ஷெட்ல தாங்க."

"அங்கேருந்து நேரா பாலக்கரை?"

"நேரா தாங்க."

"ஞாயித்துக்கிழமையும் வண்டி ஷெட்ல தான்?"

"ஷெட்ல தான். பூட்டி வச்சிருந்தேன்."

"சாவி உங்ககிட்ட. அப்ப நல்லுசாமிய அடிச்சது நீங்க. சார், நாலு மணிக்கு இவர நிறுத்துங்க."

"ஐயோ! நான் இல்லீங்க! சத்தியமா நான் இல்ல!"

"நீங்க இல்லன்னு எனக்கும் தெரியும்," என்றாள் பானுப்ரியா. "போட்டோவுக்கும் சாவி கொடுத்ததுக்கும் நடுவுல வண்டி ஓடினது அறுபத்திரண்டு கிலோமீட்டர். உங்க ஷெட்லேருந்து பாலக்கரை முப்பத்திரண்டுன்னு நீங்களே சொன்னீங்க. மிச்சம் முப்பது. காலையில ஒரு வூட்டு வாசல்லேருந்து உங்க ஷெட்டுக்கு வந்தேன், எம் மீட்டர் காட்டினது சரியா முப்பது. போட்டோ எடுத்தது ஷெட்ல இல்ல, உடையார்பாளையத்துல. 2-ந்தேதிக்கு அப்புறம் வண்டியக் கண்ணாலயே பாக்கலன்னு சொன்னவரு வூட்டுல. ஓட்டினது ஜெயப்பிரகாஷ்."

ஜெயப்பிரகாஷ் சிரிக்கப் பார்த்தார். "கூட்டல் கழித்தல் கணக்குக்கெல்லாம் கேஸ் போடுவாங்களாம்மா?"

"கணக்குக்குப் போட மாட்டாங்க. இவரு வாயால சொன்னாப் போடுவாங்க. ராசாங்கம், கொலைப்பழிய யாருக்காகச் சுமக்கப் போறீங்க? உங்களுக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல?"

ராசாங்கத்துக்குச் சுமக்கிற உத்தேசம் இல்லை. மடை திறந்தது.

"பெரிய வண்டி சர்வீஸ்ல இருக்கு, மீன்சுருட்டியில ஒரு கல்யாண ரிசப்ஷன், ஒரே நாள் கொடுன்னு சனிக்கிழமை வாங்கிட்டுப் போனாருங்க. திங்கக்கிழமை லைட்ட மாத்தி, போட்டோவும் அவரே எடுத்து அனுப்பிட்டாரு. செவ்வாக்கிழமை காலையில அவரு வூட்டுக்குப் போயி தான் வண்டிய எடுத்தேன். அப்ப தான் விஷயத்தச் சொன்னாரு. பழைய லைட்டு தோப்பு மோட்டார் கொட்டகையில கெடக்குங்க. தேதி யோசனை... அது எம் புத்தி தாங்க."

"நல்ல நாள் பேரச் சொல்லி இன்னொருத்தன் தலையில ஒரு சாவ எழுதி வச்சிருக்கீங்க," என்றாள் பானுப்ரியா.

வீரமணி இரண்டு கான்ஸ்டபிள்களை ஜீப்பில் ஏற்றித் தோப்புக்கு அனுப்பினார். 4.20-க்குப் போன் வந்தது. உடைந்த ஹெட்லைட் சாக்கில் சுற்றிக் கிடந்தது. அதில் காணாமல்போன துண்டுகள் எல்லாம் வீரமணியின் மேசை டிராயரில் இருந்தன.

ஜெயப்பிரகாஷ் அதற்குமேல் வாதாடவில்லை. கதவருகே கலியம்மாள் வந்து நின்றதை அவர்தான் கடைசியாகக் கவனித்தார்.

"அய்யா, வண்டிய நிறுத்துனீங்களா?"

ஜெயப்பிரகாஷ் தரையைப் பார்த்தார்.

"நிறுத்தினேன். இறங்கல. கண்ணாடியில பாத்தேன்."

"உசுரு இருந்துச்சா?"

"கையத் தூக்கினாரு."

கலியம்மாள் அழவில்லை. "கையத் தூக்கினாரா, கையத் தூக்கினாரா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பானுப்ரியா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

"நீ போப்பா," என்றார் வீரமணி, ராஜவேலின் முகத்தைப் பார்க்காமல். "வண்டி கோர்ட் மூலமா தான் வரும். நீ போ."

ராஜவேல் வாசலைத் தாண்டி, சாலையைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்கு வந்தபிறகுதான் தென்றலுக்குப் போன் செய்தான்.

"நான் இல்லன்னு ஆயிடுச்சு. வந்துட்டிருக்கேன்."

முந்தின நாளிலிருந்து அவள் அடக்கிவைத்த அழுகை முழுவதும் அந்தப் பக்கம் கேட்டது. அவன் ஏறவேண்டிய ஜெயங்கொண்டம் பஸ் வந்து, அவனுக்காக ஒரு நிமிஷம் நின்று, கண்டக்டர் "வரியாய்யா, இல்லியாய்யா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு விசிலடித்துப் போயே போய்விட்டது. அவள் அழுது முடிக்கும்வரை அவன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.