உள்ளங்கையில் ஒரு சொட்டு பிரதமன்

முதலில் மணம்தான் வந்தது. ஆள் அப்புறம்தான் வந்தான்.

வறுத்த தேங்காய், நெய், ஏலக்காய்... மூன்றும் கலந்த கல்யாண வீட்டு மணம். காலை ஏழு மணிக்கு, மருந்து நெடி அடிக்கிற லேபுக்குள் அதற்கு என்ன வேலை என்று லிஜா நிமிர்ந்து பார்த்தாள். வெளியே மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஆவணி மழை அடித்துக் கழுவிக்கொண்டிருந்தது. வாசலில் மடித்துக் கட்டிய வேட்டியும் தோளில் ஈரத் துண்டுமாக ஒருவன் நின்றான். அடுப்புப் புகையில் சிவந்த கண்கள். சிவந்திருந்தாலும் அவை சிரித்தன... எதற்காக என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பெயர் ஷாஜன், வயது முப்பத்திரண்டு, கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்றான். குவைத்தில் நர்ஸாக இருக்கும் அக்கா லீமா ஒரு மாதமாக போனில் விரட்டுகிறாளாம்.

"வெறும் வயிறுதானே அண்ணா? பன்னெண்டு மணி நேரம் ஆச்சா?" என்று கேட்டாள் லிஜா. லேபுக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். இருபது வயதானாலும் சரி, எழுபதானாலும் சரி.

"நேத்து சாயங்காலம் ஒரு சாயா குடிச்சது. பின்ன பச்ச வெள்ளம்தான்."

வெறும் தண்ணீரைத் தவிர வேறில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். அவளும் நம்பி ரத்தத்தை எடுத்தாள். டியூபை மெஷினில் வைத்துச் சுற்றவிட்டுத் திரும்ப எடுத்தபோதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே இளமஞ்சளாய்த் தெளிந்து நிற்க வேண்டிய நீர், வெள்ளை வெளேரென்று நின்றது. விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"எதுக்கு அண்ணா பொய் சொன்னிய? உங்க ரத்தம் தேங்காப்பால் போல நிக்குது."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ, சமையல் சந்தேகம் கேட்பவனைப் போல அக்கறையாகக் கேட்டான்.

"ஒண்ணாம் பாலா, ரெண்டாம் பாலா?"

பக்கத்து மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த ஜினிஷா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். லிஜா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஆள் கல்யாணச் சமையல்காரன். அன்றைக்கு மூன்றாவது தெருவிலுள்ள ஆலய மண்டபத்தில் எண்ணூறு பேருக்கு இலை. பருப்பு, அவியல், எரிசேரி, புளிசேரி, பிரதமன் என்கிற தேங்காய்ப்பால் பாயசம்... ஒவ்வொன்றிலும் உப்புக்கு முன் ஒரு தடவை, உப்புக்குப் பின் ஒரு தடவை, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியிருக்கிறான். அவன் ஊரில் ஒரு சொட்டு என்றால் அரைக் கரண்டி.

"ருசி பாக்கியது சாப்பாடா? அது வேலையாக்கும்" என்றான். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒரு வேல செய்யியவன போய் பொய் சொல்லியான்னு சொல்லியளே..."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. ஊர் முழுவதற்கும் வயிறு நிறையப் போடுகிற மனிதன், தான் பட்டினி என்று மனதார நம்பிக்கொண்டு வந்திருந்தான். கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள் என்று லிஜா அனுப்பிவைத்தாள். மழையில் இறங்கியவன் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் வேறு எங்கோ பார்ப்பதுபோல் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மறுபடி வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அவியல்... ஒரு சொட்டு. மறந்து போச்சு" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டான். திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் காய்கறி எடுக்க வந்தேன், மழைக்கு ஒதுங்கினேன் என்று இரண்டு தடவை. அப்போதெல்லாம் அவனை எப்படிக் கூப்பிடுவது என்று லிஜாவுக்குத் தெரியாமல் போயிற்று. அண்ணா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது... அதற்கு மேல் வர மாட்டேன் என்றது. நாலு வருடமாக நாளுக்கு ஐம்பது தடவை சொன்ன சொல்!

"ஏட்டி, எல்லாரும் அண்ணன். அவிய மட்டும் என்ன, பேரில்லாத ஆளா?" என்றாள் ஜினிஷா.

"போட்டி, சோலியப் பாரு" என்றாள் லிஜா. காது சூடாகிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒழுங்காகப் பட்டினி கிடந்து வந்தான். அன்று டைப் அடிக்கும்போது லிஜாவின் விரல்கள் நடுவில் நின்றுவிட்டன. மொத்தக் கொழுப்பு முந்நூற்றுப் பதினெட்டு. கெட்ட கொழுப்பு இருநூற்று இருபத்தாறு. முப்பத்திரண்டு வயதுக்கு இருக்கக்கூடாத எண்.

அவளுக்கு அந்த மாதிரி எண் புதிதல்ல. அப்பா ரசலையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பிறகு எழவே இல்லை. வயது நாற்பத்து நாலு. பீரோவைத் துடைக்கும்போது ஒரு பழைய ரிப்போர்ட்டும், அதற்குள் ஒரு மாத்திரை அட்டையும் கிடைத்தன. பத்தில் இரண்டு மட்டும் உடைத்து, எட்டு அப்படியே இருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டாராம். அன்று அம்மா நேசபாய்க்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்பில் இருந்த லிஜா அன்றைக்கே மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டாள்... அம்மா உட்கார்ந்த இடத்தில் தான் ஒருநாளும் உட்காரப் போவதில்லை என்று.

இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்த எண்ணின் சொந்தக்காரன் ஒரு குழந்தைக்குத் துண்டில் முயல் செய்து காட்டிக்கொண்டிருந்தான்.

நாகர்கோவிலில் இருதய டாக்டரைப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வந்தான். அன்று மழை இல்லை. சட்டை தேய்த்துப் போட்டிருந்தான், அடுப்பு மணத்துக்குப் பதில் சந்தன சோப்பு மணம். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறானாம், தேங்காயைக் குறைத்தாயிற்றாம், சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பு வைக்கிறானாம், தினமும் குழித்துறைப் பாலம் வரை நடக்கிறானாம். எல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட்ட லிஜா, மாத்திரை என்றாள்.

அவன் தயங்கித் தயங்கி சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். பத்தில் இரண்டு உடைத்திருந்தது. எட்டு அப்படியே இருந்தது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று லிஜா கேட்டாள். கூடச் சமைக்கிற ஒருவர் சொன்னாராம், இந்த மாத்திரை தின்று அவருக்கு நாக்கு செத்துப் போயிற்றாம். அதனால்தான் நிறுத்தியிருக்கிறான்.

"நாக்கு போச்சுன்னா பின்ன நான் ஆரு?" என்றான்.

"ஆளு போச்சுன்னா பின்ன நாக்கு எதுக்கு?" என்றாள் அவள். "ருசி தெரியலன்னா டாக்டர்கிட்ட சொல்லி மருந்த மாத்துலாம். நீங்களா நிறுத்த உங்களுக்கு ஆரு சொன்னா?"

அவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை. வேறு ஒன்று சொல்ல வந்திருந்தான், அதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான் பாவம். கிறிஸ்துமஸுக்கு அக்கா லீவில் வருகிறாள், வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரட்டுமா என்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். எந்தக் கேள்விக்காக லிஜா ராத்திரி எல்லாம் தலையணையோடு பேசிப் பழகியிருந்தாளோ, அதே கேள்வி. ஆனால் கண் அந்த எட்டு மாத்திரையை விட்டு நகரவில்லை.

"மாத்திரைய பாதியில விடுற ஆள நான் கல்யாணம் கெட்ட மாட்டேன்."

அவன் முகம் சட்டென்று வாடிப்போயிற்று.

"ரிப்போர்ட் பாத்துதான் மாப்பிள எடுப்பியளா?"

அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுகை வரும். அவன் முன்னால் அழக்கூடாது என்று ஒரு வீம்பு... "ஆமா" என்றாள்.

அவன் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. ஐப்பசி மழையும் வந்து கொட்டிவிட்டுப் போயிற்று. எந்தக் கல்யாண மண்டபத்தைத் தாண்டினாலும் லிஜா மூச்சை இழுத்துப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அவியல் மணந்தது, ஆள்தான் இல்லை. ஒரே ஒரு 'ஆமா'... அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் என்ன விலையும் கொடுத்திருப்பாள். ஆனால் கூப்பிடவில்லை. அவனும் வரவில்லை. ரோஷத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விஞ்சினார்கள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை ஜினிஷாவுக்குக் கல்யாணம். கொஞ்ச நேரம் லேபைப் பார்த்துவிட்டு பத்து மணிக்கு ஆலயத்துக்கு ஓட வேண்டும் என்று, பட்டுப் புடவை மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள் லிஜா. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழு மணி இருக்கும்.

முதலில் மணம்தான் வந்தது.

அவள் நிமிரவே பயந்தாள். நிமிர்ந்தபோது கையில் ஒரு சின்னத் தூக்குப் பாத்திரத்தோடு அவன் நின்றான். கொஞ்சம் மெலிந்திருந்தான். கண்கள் மட்டும் அப்படியே, புகையில் சிவந்து...

"நேத்து ஏழு மணிக்கு பொறவு ஒரு சொட்டு கூட இல்ல" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "ரத்தம் எடுங்க. ஜினிஷா கல்யாணத்துக்கு நான்தான் சமையல்."

சமையல்காரன் ருசி பார்க்காமல் எப்படிச் சமைத்தான் என்று அவள் கேட்டாள். மணம் பார்த்தே எல்லாம் முடித்தானாம். பிரதமன் மட்டும்தான் பிடிபடவில்லையாம். கூட நிற்கிறவர்களைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் கொள்ளாம், நல்லாயிருக்கு என்கிறார்களாம்.

"மொகத்துக்கு நேரா உள்ளதச் சொல்லுத ஆளு எனக்கு ஒண்ணுதான் தெரியும்" என்றான்.

லிஜா ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள். டியூபைச் சுற்றவிட்டு வந்து, கையைக் கழுவித் துடைத்து, உள்ளங்கையை நீட்டினாள். அவன் தூக்கைச் சாய்த்தான். வெதுவெதுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. கண்ணை மூடி ருசித்தாள்.

"இனிப்பு கொஞ்சம் குறவு."

இனி அவன் சாப்பிடலாம். அவள் தூக்கை வாங்கி அவன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள், அவன் சொட்டு அல்ல, நிஜமான ஒரு சொட்டு. அவன் நாக்கில் வைத்தான். முகம் மெல்ல மலர்ந்தது.

"சரிதான். குறவுதான்" என்றான். "நாக்கு ஒரு இடத்துக்கும் போவல..."

மண்டபத்துக்கு போன் செய்து இன்னும் ஒரு கிண்ணம் வெல்லப்பாகு சேர்க்கச் சொன்னான். பிறகு சட்டைப் பையிலிருந்து ரப்பர் போட்ட ஒரு கட்டை எடுத்து அவள் மேஜை மேல் வைத்தான். மாத்திரை அட்டைகள். ஏழு. லிஜா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில்கூட ஒரு மாத்திரை மிச்சமில்லை.

"ஜினிஷா சொல்லிச்சு, உங்க அப்பாவப் பத்தி" என்றான் மெதுவாக. "அண்ணைக்கே சொல்லியிருந்தா நான் அந்த வார்த்த சொல்லியிருப்பேனா?"

அவன் முன்னால் அழக்கூடாது என்ற வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, அவள் துடைக்கவும் இல்லை. எழுந்து உள்ளே போய் டியூபைத் தூக்கிப் பார்த்தாள். மேலே நின்ற நீர் வைக்கோல் நிறத்தில், பளிங்குபோல் தெளிவாக இருந்தது. அதை அடுத்த மெஷினில் வைத்துவிட்டு வந்தாள்.

"ரிப்போர்ட் எப்பம் வரும்?" என்றான்.

"அரை மணிக்கூர் ஆவும்."

"செரி. இருக்கேன். பாத்துட்டு சொல்லுங்க."

"ஷாஜன்..."

அவன் நிமிர்ந்தான். அவள் வாயிலிருந்து அவன் பெயர் வருவது அதுதான் முதல் தடவை.

"ரிப்போர்ட் வரதுக்கு முன்னயே எனக்கு ஒண்ணு சொல்லணும். வந்த பொறவு சொன்னா, பாத்துட்டுத்தான் சொன்னான்னு ஆயிரும்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. இப்பம் இல்ல... ரத்தம் தேங்காப்பாலா வந்துதே, அண்ணைக்கே. வர எண்ணு எதுவா இருந்தாலும் எனக்கு நீங்கதான். கூடினா நான் குறைக்கேன். அக்காவ கூட்டிட்டு வாங்க."

மழை சட்டென்று வலுத்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சிவந்த கண்கள் நனைந்து, பிறகு நனைந்தபடியே சிரித்தன. உள்ளே மெஷின் பீப் என்றது. எழப்போனவளின் புடவைத் தலைப்பு நுனியைப் பிடித்து நிறுத்தினான்.

"அது அங்ஙன கெடக்கட்டும். அண்ணைக்கி ஒண்ணு கேட்டேன், நீங்க பதில் சொல்லவே இல்ல."

"என்னத்த?"

"ஒண்ணாம் பாலா, ரெண்டாம் பாலா?"

மூன்று மாதமாகக் கடித்து வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. "ஒண்ணாம் பால்" என்றாள் லிஜா.

கெட்ட கொழுப்பு நூற்றுப் பதினான்குக்கு இறங்கியிருந்ததை அவர்கள் இரண்டு பேரும் பார்த்தது, கல்யாணப் பெண் ஜினிஷாவே போன் செய்து, என் சமையல்காரரை எங்கேட்டி ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்ட பிறகுதான்.