அணைத்த பிறகும் அடங்காத கோடு

நுண்ணலை எந்திரத்தை அணைத்த பிறகும் திரையில் கோடு அடங்கவில்லை.

அடங்கியிருக்க வேண்டும். நுண்ணலை பட்டால் இதயச் செல்களின் மின்துடிப்பு எப்படித் தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. எந்திரத்தைக் கவனித்துக்கொள்வது அவள் கணவர் வேலை. இன்று உள்ளே வைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தவை அவர் ரத்தத்திலிருந்தே அவள் வளர்த்தெடுத்த இதயச் செல்கள். பார்க்கப் பாலாடை மாதிரி இருக்கும், ஆனால் துடிக்கும்; அந்தத் துடிப்புதான் திரையில் கோடாக ஓடும்.

பட்டப்பகலிலும் ஜன்னலை மூடி வைத்திருந்த அந்த அறையில், குளிர்பெட்டியின் ஓயாத முனகலும் சூடேறிய கம்பியின் வாடையும் செல்களுக்கு ஊற்றும் ஊட்டநீரின் தித்திப்பு நெடியும் ஒன்றாகக் கலந்து நிறைந்திருக்க, கோடு மட்டும் சாமி வந்ததுபோல் தாறுமாறாகக் குதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, மெஷினை அணைச்சீங்கதானே?"

"பிளக்கையே பிடுங்கிட்டேன். கிண்ணத்துல இருக்கிற உன் பிள்ளைங்க உன்னை மாதிரிதான், சொன்ன பேச்சு கேக்காதுங்க." சிரித்தவர், பாதிச் சிரிப்பில் நெஞ்சைப் பிடித்தார். "என்னமோ... படபடன்னு வருதும்மா."

ஓடிப்போய் அவர் நாடியைப் பிடித்தாள். கண் திரையில் இருந்தது. கோடு குதித்தபோது நாடி குதித்தது. கோடு தவறியபோது நாடியும் தவறியது.



அவர் சரிந்தார்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். "வந்துட்டே இருக்கோம், நெஞ்சை அழுத்திட்டே இருங்க," என்றது ஒரு குரல். கை ஓயும்வரை அழுத்தினாள். ஒரு விலா எலும்பு நெரிந்தது. நாடி இல்லை. திரையில் கோடு நீட்டிப் படுத்திருந்தது.

கிண்ணம். கிண்ணம் துடித்தால் அவர் நெஞ்சும் துடிக்குமா?

பிளக்கைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள்.

கோடு எழுந்தது. தரையில் அவர் நெஞ்சும் எழுந்தது.

விட்டாள். இரண்டும் படுத்தன.

"ஐயோ, போயிடாதீங்க!"

அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். அவர் கண் திறந்தது. உதடு அசைந்தது.

"சுடுது."

எந்திரத்துக்குள் கிண்ணத்து நீர் குமிழியிட ஆரம்பித்திருந்தது. அவர் கழுத்து சிவந்தது. தோல் கருகும் நாற்றம். நிறுத்தினால் போய்விடுவார். நிறுத்தாவிட்டால்...

"விடும்மா... விட்டுடு..."

அவளால் முடியவில்லை. அழுதுகொண்டே மறுபடி அழுத்தினாள்.

அவர் திறந்த வாயிலிருந்து ஆவி வந்தது.