ஊர் நேரம்

செம்பாறைக் குடியிருப்பில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் வீட்டுக்கு மூளை ஏற்றுவார்கள். மூச்சுக்காற்று, விளக்கு, கதவு எல்லாம் அந்த மனைமூளையின் பொறுப்பு. செவ்வாயில் அது இல்லாத வீடு வெறும் பெட்டி.

பூங்கோதை வீட்டுக்கு மூளை ஏற்ற வந்தவன் கிளாட்வின். மூளை மொழி கேட்டது, தமிழ் என்றார்கள். குடும்பத் தலைவர் யார் என்றது. அதற்கு நடந்த சண்டையைப் பக்கத்து வீட்டு ரெஜினா சுவரில் காது வைக்காமலே கேட்டாள். அடுத்தது நேர மண்டலம்.

"செவ்வாய்னே போட்டுருங்க சார்," என்றான் கிளாட்வின்.

"எதுக்கு? ஊர் நேரம் போடுப்பா," என்றார் பூங்கோதையின் கணவர் அழகர்சாமி. சுரங்கத் தூசியில் நுரையீரல் பாதி போனவர். அதிகாரம் மட்டும் முழுசாக இருந்தது. "எங்கம்மா விருதுநகர்லேருந்து எட்டு மணிக்குப் பேசும். தினம் கணக்குப் போட முடியுமா?"

"இங்க பொழுது கொஞ்சம் நீளம் சார். வீட்டோட ராத்திரி தினமும் முந்திக்கிட்டே வந்து, ஒருநாள் உச்சிவெயில்ல நிக்கும். ராத்திரின்னா வீடு கதவப் பூட்டிட்டு, உறக்கக்காத்துன்னு காத்தக் கொறைச்சுதான் விடும். தூங்குறவங்களுக்குத்தான் அது காணும். பூட்டினா வெளியே இருக்கிற நெம்புகோல்லதான் திறக்க முடியும்."

"எல்லா வீட்லயும் ஊர் நேரந்தானே? வீடு சொல்றப்ப படுக்குறாங்க. நாங்களும் படுத்துக்கிறோம்," என்றாள் பூங்கோதை. இந்திய நேரத்துக்குப் பட்டியலில் கல்கத்தா இருக்கிறது, மதுரை இல்லையே என்பது மட்டும்தான் அவளுக்கு வருத்தம்.

சொன்ன உச்சிவெயில் வந்தது. பூங்கோதை புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது, கதவு பூட்டிக்கொண்டது. அழகர்சாமிக்குத் தூக்கம் வரவில்லை, மூச்சும் வரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது.

காப்பாற்றியது ரெஜினா. குடியிருப்பிலேயே செவ்வாய் நேரம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். ஊர் உறங்கும்போது கண்ணாடி மூடிய பொது வராந்தாவில் உலாத்தி, எந்த வீட்டில் என்ன சத்தம் என்று பார்ப்பது வழக்கம். முனகல் கேட்டு நெம்புகோலை இழுத்து, அவரைத் தன் வீட்டுக்குள் கிடத்தினாள். பிழைத்துக்கொண்டார். மற்ற வீடுகள் விழித்துக் கதவு திறந்த கொஞ்ச நேரத்துக்குள், நீலம் பாரித்த கதையோடு குடும்பத் தலைவர் சண்டையும் சேர்ந்து கடைசி மாடி வரை போய்விட்டது.

குடியிருப்போர் சங்கம் கூடியது. அழகர்சாமி வீட்டு நேரத்தை மாற்றச் சொல்வார்கள் என்று கிளாட்வின் கருவியோடு வந்திருந்தான்.

"எல்லாரும் தூங்குறப்ப இந்தம்மாவுக்கு வெளியில என்ன வேலை?" என்றார் சங்கத் தலைவர் வேதமாணிக்கம். "ஒரு வீடு மட்டும் தனி நேரத்துல ஓடுறது சரியா?"

"நான் மட்டும் முழிச்சிருக்கலேன்னா அண்ணன் போயிருப்பாரு!" என்றாள் ரெஜினா.

"அத நீங்க ஊர்பூரா தமுக்கடிச்சீங்களே," என்றாள் பூங்கோதை. முதலில் கை தூக்கியது அவள்தான். ரெஜினா வீட்டுக்கும் கல்கத்தா நேரம் போட்டுவிட்டுக் கிளாட்வின் போனான்.

மறுநாள் மதியம் வீடுகள் வரிசையாக இருண்டன. அழகர்சாமி கண்ணை இறுக மூடிப் பார்த்தார். தூக்கம் வராமல் சுவரைத் தட்டினார்.

"என்னண்ணே, மூச்சு முட்டுதா?" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கம் ரெஜினா.

"கதவு... வந்து இழும்மா..."

"எங்கதவும் பூட்டிருச்சேண்ணே!"

பூங்கோதை கத்திக்கொண்டிருந்தாள். வராந்தாவில் வெயில் பளீரென்று அடித்தது. அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க ஓர் ஆள்கூட இல்லாத, ஒழுக்கமான குடியிருப்பு.