பின்வாசலை மூடிய இல்லம்

கடலோரத்து இல்லத்தில் அறைகளுக்கு இடையே இருந்த சுவர்கள் ஒரே வாரத்தில் இடுப்பளவுக்குத் தாழ்ந்துவிட்டன. கட்டிலில் படுத்தபடியே குழந்தைகள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா பர்னாந்து திருப்தியாகத் தலையசைத்தாள். அவள் வடிவமைத்த கட்டடம் வேலையைத் தொடங்கிவிட்டது.

தூத்துக்குடியில் அப்போது செங்கல் வைத்துக் கட்டுவோர் யாரும் இல்லை, எங்கும் உணர்சுவர்தான். அதன் சாந்துக்குள் ஓடும் நுண்ணிழைகள் உள்ளே இருப்பவரின் மூச்சையும் நாடியையும் தொடாமலே அறிந்துகொள்ளும். உடல் எதில் அமைதியடைகிறதோ அதற்கேற்பச் சுவர் மெல்ல மாறும். ஜன்னல் அகலும், கூரை தாழும், பிடிக்காத கதவு மூடிக்கொள்ளும்.

மருந்து இனி உதவாது என்று தெரிந்த குழந்தைகளுக்கான அந்த இல்லத்தை ஜெசிந்தா ஒரே ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டாள். சுவர்கள் குழந்தைகளின் நாடியை மட்டுமே கேட்க வேண்டும். பெற்றோர், மருத்துவர், செவிலியர் யாருடையதையும் கேட்கக் கூடாது.

"பெரியவங்க பயம் சுவருல ஏறிச்சுன்னா, அப்புறம் இதுவும் ஒரு ஆஸ்பத்திரி ஆயிரும்," என்று தலைமை மருத்துவர் சண்முகவடிவிடம் சொன்னாள்.

சண்முகவடிவு சம்மதித்தார். பதிலுக்கு அவரும் ஒன்று கேட்டார். இறந்த குழந்தையைக் கொண்டுபோக மற்றவர் கண்ணில் படாத ஒரு நடையும் பின்வாசலும் வேண்டும் என்றார். ஜெசிந்தாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. எட்வின் என்ற பையன் முதலில் அந்த வழியாகப் போனான். வீட்டுக்குப் போய்விட்டான் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள்.

அடுத்த மாதம், எல்லாரிலும் சின்னவளான பொன்மாரிக்கு மூச்சு தளர்ந்தது. அன்று காலையிலிருந்து பின்நடை குறுகத் தொடங்கியது. மதியம் அவள் அடங்கியபோது பின்வாசல் இருந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. கூடத்தின் நடுவிலோ, எல்லாக் கட்டில்களையும் தொட்டபடி, கடலைப் பார்த்த முன்வாசல் வரை அகலமாக ஒரு பாதை திறந்திருந்தது.

சண்முகவடிவு கூப்பிட்டதும் ஜெசிந்தா ஓடிவந்தாள். கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு விசையைத் தொட்டால் போதும், பின்வாசலை வலிந்து திறந்துவிடலாம். பிள்ளைகள் பயந்துபோவார்கள், சீக்கிரம் திறக்க வேண்டும் என்றார் மருத்துவர். விசைக்குக் கை நீட்டிய ஜெசிந்தா, பலகையில் பதிவாகியிருந்த நாடிக்கோடுகளைப் பார்த்து நின்றாள். எட்வின் போன நாளிலிருந்து, பின்வாசல் எதற்குத் திறந்தாலும், அழுக்குத்துணி எடுத்துப்போகத் திறந்தாலும்கூட, எல்லாக் குழந்தைகளின் நாடியும் படபடத்திருந்தது.

காயல்பட்டினத்துப் பெண் நிலோஃபர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பது வயது.

"எட்வின் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னீங்க. அவன் செருப்பு கட்டிலுக்குக் கீழதான் கெடந்துச்சு," என்றாள். "நான் போனாலும் அப்படித்தான் சொல்லுவீங்களா?"

ஜெசிந்தா கையை இறக்கிக்கொண்டு பொன்மாரியின் அம்மாவிடம் போனாள். நடந்ததைச் சொல்லி, முடிவு உங்களுடையது என்றாள். அந்த அம்மா மகளின் தலைமுடியைக் கோதிவிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவளுக்குத் தனியா இருக்கவே பிடிக்காதும்மா. எல்லாரும் பாக்கத்தான் போகட்டும்."

நடுப்பாதை வழியாகத்தான் பொன்மாரியைக் கொண்டுபோனார்கள். சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் அவள் கையைத் தொட்டார்கள். இவளுக்கு வலித்ததா என்று ஒரு பையன் கேட்டான். கடைசியில் வலிக்கவில்லை என்று சண்முகவடிவு உண்மையைச் சொன்னார். அன்று சாயங்காலம் பிள்ளைகள் அத்தனை பேரும் அயர்ந்து தூங்கினார்கள். அதன்பின் அந்த இல்லத்தின் சுவர்கள் இடம் மாறவில்லை.

ஜெசிந்தாவின் பெயர் பரவியது. சில ஆண்டுகளில், இறக்கும் தறுவாயில் உள்ள பெரியவர்களுக்காக மதுரைக்கு வெளியே ஓர் இல்லம் கட்டும் வேலை அவளைத் தேடி வந்தது. அதே கூடம், அதே தாழ்ந்த சுவர்கள். ஆனால் இங்கே தங்குபவர்கள் பெரியவர்கள். சுவர்கள் அவர்களைத்தானே கேட்க வேண்டும்?

கேட்டன. ஒரு மாதத்துக்குள் சுவர்கள் கூரையைத் தொட்டன. ஜன்னல்கள் ஒடுங்கின. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிப் பின்வாசல் முளைத்தது. பழுது பார்க்க வந்தவர்கள் பழுதே இல்லை என்றார்கள். எல்லாருடைய நாடியும் சீராக இருந்தது. பிறர் சாவைப் பார்க்காமலும் தம் சாவைப் பிறருக்குக் காட்டாமலும் இருப்பதில்தான் அந்த உடல்கள் அமைதி கண்டன.

ஒருநாள் ராஜமன்னார் என்ற ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் அந்த இல்லத்திலிருந்து ஜெசிந்தாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. பக்கத்து ரூம்ல யாரு, இருக்காரா போயிட்டாரான்னுதான் தெரியல. இந்தச் சுவரு என் பேச்சைக் கேக்காம இருக்க வழி உண்டா?"

வேறு யார் பேச்சைக் கேட்கட்டும் என்று அவள் கேட்டாள்.

"தூத்துக்குடியில நீங்க கட்டுன வீட்டுப் புள்ளைங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். அந்தப் புள்ளைங்க பேச்சை."

நிலோஃபரும் அதற்குள் நடுப்பாதை வழியாகப் போயிருந்தாள். அவளும் மற்றவர்களும் கற்றுக்கொடுத்தவை கடலோரத்துச் சுவர்களில் பதிந்திருந்தன. மதுரை இல்லத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டபோது, தயங்கித் தயங்கி எல்லாரும் சரி என்றார்கள். ஜெசிந்தா அந்தப் பதிவை அப்படியே கொண்டுவந்து ஏற்றி, இனிச் சுவர்கள் அதை மட்டுமே கேட்கும்படி செய்தாள்.

மறுநாள் காலை சுவர்கள் இறங்கத் தொடங்கின. அழைப்புமணிகள் மாறி மாறி ஒலித்தன. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டவர்களும் உண்டு. எல்லாருடைய நாடியும் தாறுமாறாக ஏறியது. சுவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் இறங்கிக்கொண்டே இருந்தன.

ராஜமன்னார் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பி, தன் பெயரைச் சொன்னார்.