சுஃபியாவின் குழாய்

பம்பை நிறுத்திய பிறகும் படலம் அசைந்துகொண்டிருந்தது.

நுஸ்ரத் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மேசையை உலுக்கும் எதுவும் அறையில் இல்லை. வெளிச்சம் புகாமல் ஜன்னலில் தொங்கும் கறுப்புத் துணி, துணிக்கு அந்தப் பக்கம் போடிமெட்டுச் சரிவில் திரளும் மதிய மஞ்சு மூட்டம், பக்கத்து உலர்த்தும் ஸ்டோரில் ஏலக்காய் காயும் சூடான மணம், அதற்கு அடியில் படலத்துக்கு ஊட்டும் சத்துநீரின் லேசான புளிச்ச வாடை, கீழே எங்கோ கொண்டை ஊசி வளைவில் ஒரு ஜீப்பு கியர் மாற்றி முனகும் சத்தம். அவ்வளவுதான். ஆனால் கருவியின் கறுப்புத் திரையில் சாம்பல் நிற மேடாகத் தெரிந்த பாக்டீரியாப் படலம் மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது.

எஸ்டேட் தண்ணீர்க் குழாய்களை அடைக்கும் வழவழப்பை ஆராயும் சிறிய ஆய்வுக்கூடம் அது. கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைக் குழாய்க்குள் அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு படலத்தின் குறுக்குவெட்டை வரையும். வெட்ட வேண்டாம், சாயம் ஊற்ற வேண்டாம், தொடவே வேண்டாம். நேற்றுப் பார்த்த அதே இடத்தை இன்றும் உயிரோடு பார்க்கலாம்.

இந்த ஒரு குழாய் மட்டும் எஸ்டேட்டிலிருந்து வரவில்லை.

அவளுடைய ஆறு வயது மகள் சுஃபியாவின் தொண்டைக்குள், ஆஸ்பத்திரி மூச்சு மெஷினின் குழாயாகப் பதினோரு நாள் இருந்தது. நர்சு உருவித் தட்டில் போட்டதை, யாரும் பார்க்காதபோது துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டாள். குழாய்க்குள் படிந்த கிருமிதான் பிள்ளையை எடுத்தது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கும் தெரியும், அவள் படித்ததே அதைத்தான். பிள்ளையைக் கழுவி, கஃபன் துணி உடுத்தி, ஆண்கள் மையவாடிக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டோடு நின்றார்கள். மண் தள்ளியதை அவள் பார்க்கவில்லை. பிள்ளையைத் தின்று வளர்ந்தது இதுதான் என்றால், பிள்ளையில் மண்ணுக்குப் போகாமல் மிஞ்சியதும் இதுதானே? தினமும் சத்துநீர் ஊட்டினாள். தினமும் பார்த்தாள்.

கைபேசி அதிர்ந்தது. கணவன் அஷ்ஃபாக்.

"நாளைக்கு நாப்பதாம் நாள் ஓதணும், ஞாபகம் இருக்குல்ல? புள்ள சாமானு எதாச்சும் ஒங்கிட்ட கெடந்தா கொண்டா. இல்லாத புள்ளைகளுக்குக் குடுத்துருவோம்னு அத்தா சொல்றாக."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல மச்சான்."

"நுஸ்ரத்து... நீ சாப்ட்டியா?"

அவள் வைத்துவிட்டாள்.

உதவியாளர் செல்லக்கிளி கதவைத் தட்டாமலே தலையை நீட்டினாள். "அக்கா, இன்னும் என்ன சோலி? நாளைக்கு மதுரைக்காரங்க மிஷின எடுக்க வர்றாக. எல்லாத்துலயும் பிளீச்சிங்க ஊத்திட்டேன், இது ஒண்ணுதான் பாக்கி. பாசிய மடியில போட்டுத் தாலாட்டிட்டுத்தான் வருவீகளோ?"

"நீ ஜீப்புல ஏறு. ஊத்திட்டு வர்றேன்."

"வெரசா வாங்க. மஞ்சு எறங்கிட்டா டிரைவர் அண்ணே நிக்க மாட்டாரு."

கதவு மூடியது. நுஸ்ரத் பிளீச்சிங் புட்டியைத் திறந்தாள். கொன்றது இது, கொன்றதைக் கொல்ல ஒரு தாய் யோசிப்பாளா என்று தனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து, ஒரே ஒரு சொட்டைக் குழாய்க்குள் விட்டாள்.

மேடு துடித்தது. வேகமாக எழுந்தது. வேகமாகத் தாழ்ந்தது. கட்டிலருகே எண்ணியதுபோல வாட்சைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. கடைசி நாள், மெஷினையும் மீறிப் பிள்ளைக்கு மூச்சு ஓடிய வேகம். நடுவில் ஒரு திக்கல். அப்புறம் இன்னொரு திக்கல்.

"போயிராத ஆத்தா... போயிராத."

சத்துநீரைப் பாய்ச்சினாள். கழுவினாள். துடிப்பு நின்றது. மேடு தாழ்ந்தே கிடந்தது.

இந்தத் தடவை அவள் கையால்.

யோசிக்கவில்லை. குழாயின் நுனியில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸைக் கழற்றினாள். காய்ச்சல் பிள்ளையின் வாய் வாடை. குனிந்தாள். நுனியை உதட்டில் கவ்வினாள். திரையைப் பார்த்தபடி ஊதினாள்.

மேடு எழுந்தது.

மறுபடி ஊதினாள். எழுந்தது. அழுகையும் சிரிப்புமாக, மூச்சு இழுக்க நிமிரப் பார்த்தாள்.

முடியவில்லை.

உதடு விடவில்லை. வழவழப்பாக ஏதோ நாக்கின் மேல் நகர்ந்தது. தொண்டைக்குள் இறங்கியது. அவசரமில்லாமல். வழி தெரிந்ததுபோல.

வெளியே ஹாரன். "அக்கா! அக்கோவ்!"

பதில் சொல்ல மூச்சு வேண்டும்.

திரையில் மேடு எழுந்தது. அவள் மார்பு எழுந்தது. மேடு தாழ்ந்தது. மார்பு தாழ்ந்தது. மூச்சை அவள் இழுக்கவில்லை.

ஜீப்பு கிளம்பிப் போனது. இருட்டறையில் குனிந்தபடியே நின்றாள், வாயில் குழாயோடு, அடுத்த மூச்சை அது எப்போது தரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு.