பெட்டிக்குள்ளே அக்கா

அந்த வீட்டில் எல்லாரும் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்துதான். ஆனால் ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டால் போதும், பதில் வரும்வரை காதோரமாக ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள். விரட்டினாலும் போகமாட்டாள்.

அந்த வாரம் கொசுவிடம் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. அக்காவை மறுபடியும் பாட வைப்பது எப்படி?

போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் அக்கா கிதாரோடு மேடையேறிப் பாடினாள். பள்ளியின் பழைய ஒலிபெருக்கி அந்தப் பாட்டை என்ன செய்ததோ தெரியவில்லை, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி வெளியே வந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன், "எந்த பிளாட்பாரம்?" என்று கேட்டான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றோடு சரி. இந்த வருடமும் அக்கா மேடை ஏறுகிறாள், ஆனால் கிதார் மட்டும்தான். தன் குரல் தகரக் குரல் என்று அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆனால் தினமும் சாயங்காலம் தம்பியைத் தூங்க வைப்பது அந்தக் குரல்தான். தம்பிக்குப் பத்து மாதம். அக்கா கிதாரை மெல்ல மீட்டி முனகினால் போதும், ஆசாமி சொக்கிப்போவான். தகரத்தைக் கேட்டு யாராவது தூங்குவார்களா? கொசுவால் அக்காவின் தீர்ப்பைக் கொஞ்சமும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த முறை பள்ளி ஒலிபெருக்கியே வேண்டாம், நாமே ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அவர் அலமாரி செய்பவர். பட்டறையில் மிச்சம் கிடந்த பலகைகளே ஒரு பெட்டிக்குப் போதும். ஒலியைக் கூட்டும் கருவியை ரேடியோக்கடை அத்தை செய்து கொடுத்துவிட்டார். ஸ்பீக்கர்தான் பாக்கி. அத்தை மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. ஏதோ இசைக்குழுவிடமிருந்து வந்தது. இரண்டாவது, காரிலிருந்து கழற்றியது, நடுவில் தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு குமிழ். மூன்றாவது நடுத்தர அளவு. அதன் முகப்பிலுள்ள காகிதக் கூம்பில் தண்ணீர்க் கறை வேறு.

"இது என்ன அத்தை, அழுமூஞ்சியா இருக்கு?" என்று கேட்டாள் கொசு.

"அது ஃபுல் ரேஞ்ச். அடித்தொண்டையிலேருந்து கீச்சுக்குரல் வரைக்கும் அது ஒண்ணே சமாளிச்சிடும். ஆனா பாக்க லட்சணமா இருக்காது" என்றார் அத்தை. மூன்றையும் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்துவிட்டு இரண்டைத் திருப்பித் தரச் சொன்னார். காகிதத்தில் யாரும் விரலை வைக்கக்கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது ரகளை. பெரியதுதான் கம்பீரம் என்றார் அப்பா. தங்கக் குமிழ்தான் அழகு என்றாள் அக்கா. எதுவானாலும் சரி, சாயங்காலத்துக்குள் கூடத்தைக் காலி செய்தால் போதும் என்றார் அம்மா. கறை படிந்ததை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"பாத்தா எப்படித் தெரியும்? கேட்டுல்ல பாக்கணும்" என்றாள் கொசு.

கேளுங்கள், கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அப்பா பட்டறைக்குப் போய்விட்டார்.

கொசு இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே படுக்கை விரிப்பைக் கட்டினாள். அதற்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டிமேல் ஸ்பீக்கரை வைத்து, அத்தையின் கருவி வழியாக அம்மாவின் செல்போனோடு இணைத்து, ஒரு பதிவைத் தட்டினாள். கிதார் ஒலி வந்தது. கூடவே, தம்பியைத் தூங்க வைக்கும் அந்த முனகலும் வந்தது.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "யாரக் கேட்டு இதப் பதிவு பண்ணின?"

கொசு பதிவை நிறுத்தினாள். "யாரையும் கேக்கல. தப்புதான். கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப. ஒரே ஒரு தடவ கேளுக்கா. அப்புறம் நீயே அழிச்சிடு."

அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகவில்லை. அதுவே பெரிய விஷயம். கொசு தைரியமாக, எந்தப் பக்கமும் சாயாத நீதிபதி இந்த வீட்டில் ஒருவன்தான் இருக்கிறான் என்று தம்பியைக் காட்டினாள். அம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டார். அவன் கண்ணில் படாமல் அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

பெரிய ஸ்பீக்கர் 'தும் தும்' என்று அதிர்ந்தது. நீதிபதி உதட்டைப் பிதுக்கி ஓவென்று அழுதார்.

தங்கக் குமிழ் 'ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே பாடியது. நீதிபதி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் கால் கட்டைவிரலைச் சாப்பிட ஆரம்பித்தார்.

மூன்றாவதாகக் கறை படிந்தது. ஒரு வரிகூட முடிந்திருக்காது, தம்பி விரலை வாயிலிருந்து எடுத்தான். அம்மாவின் மடியிலிருந்து நழுவி விறுவிறுவென்று தவழ்ந்துபோய் விரிப்பைப் பிடித்து இழுத்தான். விரிப்பு அவன் தலைமேலேயே விழுந்தது. அதை விலக்கிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தான். அதற்குப் பின்னால் பார்த்தான். பிறகு அட்டைப்பெட்டிக்குள்ளேயே எட்டிப் பார்த்தான்.

சமையலறைக் கதவு திறந்தது. அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"என் குரல் இப்படியா இருக்கு?"

"பின்ன? இல்லாட்டி அவன் எதுக்கு உன்னத் தேடறான்?" என்றாள் கொசு.

அக்கா செல்போனை வாங்கினாள். பதிவை அழிக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலையெல்லாம் மரத்தூளோடு அப்பா வந்து நின்றார். கையில் ஒரு பலகை. அதன் நடுவில் பெரிய ஸ்பீக்கருக்கு அளவெடுத்தாற்போல ஒரு வட்டமான ஓட்டை.

"வெட்டியாச்சு!" என்றார் பெருமையாக.

அழுமூஞ்சி ஸ்பீக்கரைப் பிடித்துக் காட்டினாள் கொசு. அது அந்த ஓட்டைக்குள்ளேயே விழுந்துவிடும்போல இருந்தது. உபரியாக வேறு பலகையும் கிடையாது. மறுநாள் விழா. அப்பா தலையைச் சொறிந்தார். மரத்தூள் கொட்டியது. தான் பாடாவிட்டால்தான் என்ன என்று அக்கா மறுபடி பழைய பல்லவியை ஆரம்பித்தாள்.

கொசு அந்த ஓட்டைக்குள் தலையை விட்டு யோசித்தாள். "அப்பா, பெட்டிக்குப் பின்பக்கம் வெக்கிற பலகையும் இதே அளவுதான?"

"ஆமா."

"அப்ப இதப் பின்னாடி வெச்சிடுங்க. அதுல சின்னதா வெட்டி முன்னாடி வெச்சிடுங்க."

பின்னால் ஓட்டையோடு பெட்டியா? அப்பாவுக்குச் சந்தேகம். ரேடியோக்கடை அத்தைக்குப் போன் போட்டார். கிதார் பெட்டிகள் பலவற்றில் பின்பக்கத்தை வேண்டுமென்றே திறந்து விடுவார்கள், தாராளமாகச் செய்யலாம் என்று அத்தை சொன்னார்.

"நானும் அத நெனச்சுதான் வெட்டினேன்" என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் சத்தமில்லாமல் பட்டறைக்குத் திரும்பினார்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. மேடை ஒரே படி உயரம்தான். அதன் நடுவில் பெட்டி, பக்கத்தில் மைக் முன்னால் அக்கா. கடைசி வரிசையில் அதே பிளாட்பாரப் பையன் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்கா கிதாரை மீட்டினாள். ஒரு சுற்று வாசித்தாள். இன்னொரு சுற்றும் வாசித்தாள். பாடவில்லை. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

வீட்டில் கேட்கும் அதே குரல். பிசிறில்லாமல் கடைசி வரிசைவரை போனது. ஒருவரும் அசையவில்லை.

அசைந்தது தம்பி மட்டும்தான். அம்மாவின் பிடி தளர்ந்த நேரம் பார்த்து இறங்கி, படியேறி, அக்காவைக் கண்டுகொள்ளாமல் அவளைத் தாண்டித் தவழ்ந்தான். நேராகப் பெட்டியின் பின்பக்கம் போனான். பாட்டு முடிந்து அரங்கம் அமைதியாக இருந்த அந்த ஒரு கணத்தில், ஓட்டைக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டான்.

"க்கா!"

அவன் பேசிய முதல் வார்த்தை அது. பெட்டிக்குள் முழங்கி அரங்கம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மறுபடியும் சிரிப்பா? கொசு பயந்துகொண்டே அக்காவைப் பார்த்தாள்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தது அக்காதான். கிதாரைக் கீழே வைத்துவிட்டு, ஓட்டையிலிருந்து தம்பியை உருவி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நான் இங்க இருக்கேன்டா."

"இன்னொரு பாட்டு!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிளாட்பாரப் பையன்தான்.

அக்கா தம்பியை இடுப்பில் வைத்தபடியே இன்னொரு பாட்டும் பாடினாள். அவன் மட்டும், பாட்டு முடியும்வரை அவள் வாயையும் அந்தப் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.