வாலைப் பிடித்த கை

கழுத்தில் ஒரே வெட்டு!

பெரும்பாக்கம் தாண்டி, பாதியில் நின்றுபோன அபார்ட்மென்டுக்குப் பின்னால் இருந்த பொட்டல் வெளியில் யேசுதாசன் மல்லாந்து கிடந்தான். முதலில் பார்த்த மாட்டுக்காரர் அரிவாள் வெட்டு என்றுதான் போலீஸுக்குப் போன் செய்தார்.

அரிவாள் இல்லை.

பக்கத்தில் நின்றது ஒரு விமானம்!

பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கை ஒரு ஆட்டோவைவிட நீளம். பெட்ரோலில் ஓடும் இன்ஜின். ரிமோட்டில் பறக்கும். முன்னால் இருந்த புரொப்பெல்லர் பாதி உடைந்து, அதில் ரத்தம் காய்ந்து...

இன்ஸ்பெக்டர் ஜீவானந்தம் பெருமூச்சு விட்டார். முழங்கால் வலி உயிரை வாங்கியது. ஆக்சிடென்ட் என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

படுக்க விடவில்லை, விமானத்தின் வாலுக்குப் பின்னால் மண்ணில் பதிந்திருந்த இரண்டு முழங்கால் தடங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விமானம் விடும் கும்பல் விளக்கியது. இவ்வளவு பெரிய இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் வண்டி பாயும். அதனால் ஒருவர் பின்னால் மண்டி போட்டு வாலைப் பிடித்துக்கொள்வார். யேசுதாசன் மட்டும் எத்தனை சொன்னாலும் கேட்காமல், ஓடும் இன்ஜினுக்கு முன்னால் குனிந்து ஸ்க்ரூ திருகுவானாம்.

குனிந்த நேரம் பார்த்து, பிடித்த கை விட்டிருக்கிறது.

வழக்கமாக வாலைப் பிடிப்பவன் யார்?

பரணி. யேசுதாசனின் சிநேகிதன். போன வாரம்தான் இருவரும் எல்லோர் முன்னாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அஸ்தினாபுரத்தில், யேசுதாசனின் மனைவி ஜெயஸ்ரீ அழுது வீங்கிய முகத்தோடு அதையே உறுதி செய்தாள். காலையில் அவர் பரணி அண்ணாவோடுதான் கிளம்பினார் என்றாள். தனக்கு அந்தப் பெட்ரோல் நாற்றமே ஆகாது, அந்த மைதானத்தின் பக்கம் ஒரு நாளும் போனதில்லை என்றாள்.

பரணி என்ன சொன்னான்? குன்றத்தூர் மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டேன் என்றான். தனியாக. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

"மாட்டிக்கிட்டா எல்லாரும் கோயிலுக்குத்தான்யா போயிருக்கீங்க" என்றார் ஜீவானந்தம் அலுப்புடன்.

"சார்... பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கேன். அப்பன் கொலைகாரன்னா எவன் சார் அவளக் கட்டுவான்?"

இந்தக் கேள்வியை வேறு வேறு குரல்களில் கேட்டுக் கேட்டு ஜீவானந்தத்துக்குக் காது புளித்திருந்தது. ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, அதே பொட்டல்.

கையை விட்டால் விமானம் எவ்வளவு தூரம் பாயும் என்று பார்த்துவிட்டு, பரணியைக் கோர்ட்டுக்கு அனுப்புவதாகத் திட்டம். யேசுதாசன் வீட்டு கார் ஷெட்டில் இருந்த இன்னொரு விமானத்தை டெம்போவில் ஏற்றி வந்தார்கள். அதே அளவு. சிவப்பு, மஞ்சள் இறக்கை. ஒரு கீறல் இல்லை. இன்னும் ஒரு தடவைகூடப் பறக்காதது.

அடையாளம் காட்டக் கூடவே வந்த ஜெயஸ்ரீ தள்ளி நின்று மூக்கைச் சிந்தினாள்.

கான்ஸ்டபிள் தனம் வாலைப் பிடித்தாள். பரணி புரொப்பெல்லரைச் சுண்டினான்.

ஒரு தடவை... இரண்டு தடவை...

டர்ர்ர்ர்ர்!

புழுதி கிளம்பியது. பரணி பக்கவாட்டில் பாய்ந்து விலகினான். தனம் மிரண்டுபோய், சொல்வதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் விட்டுவிட்டாள்.

விமானம் சீறியது. நேர் எதிரே அபார்ட்மென்டின் காம்பவுண்டுச் சுவர்!

அப்போதுதான் அது நடந்தது.

தள்ளி நின்ற ஜெயஸ்ரீ, எப்போது ஓடினாள் என்று யாருக்கும் தெரியாது. புடவையை இழுத்துச் செருகி, சரிந்து மண்டி போட்டு, வால் இறக்கையைத் தொடையில் தடுத்து, ஒரு கையால் வாலை அழுத்திப் பிடித்து, புழுதிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விமானம் ஆணி அடித்தாற்போல நின்றது.

பரணி சுவிட்சை அணைத்தான்.

நிசப்தம்.

ஜெயஸ்ரீ தன் கைகளைத் தானே பார்த்தாள். முகம் வெளுத்தது.

ஜீவானந்தம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நெருங்கினார். சர்வீஸில் ஒரு தடவையாவது அதிர்ஷ்டம் தன்னைத் தேடி வந்ததே என்றிருந்தது.

"எழுந்துக்காதீங்கம்மா... அந்த ரெண்டு முழங்கால் தடத்தையும் அளக்கணும்."

அவள் எழவும் இல்லை, அழவும் இல்லை.

"யாருக்காவது அடிபட்டுடும்னு பயந்துட்டீங்களா?"

"இல்ல சார்." களைத்த குரல். "செவுத்துல மோதியிருந்தா இதோட மூக்கு போயிருக்கும்."

பிறகு தானாகவே சொன்னாள். விமானம் கட்டுவது அத்தனையும் அவள். மரம் அறுப்பது, ஒட்டுவது, தோல் போர்த்துவது, இன்ஜின் பூட்டுவது. வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவன் உத்தரவு. கோப்பை அவனுக்கு. பேட்டி அவனுக்கு.

"அதுகூடப் பரவால்ல சார். மாசக்கணக்கா உக்காந்து கட்டுவேன். காத்து சரியில்ல, இன்னிக்கு வேணாம்னு சொல்லுவேன். கேக்க மாட்டார். கொண்டுபோய்த் தரையில குத்திட்டு, சிரிச்சிக்கிட்டே வந்து 'இன்னொண்ணு கட்டு'ம்பார். நேத்து விடியக்காலைல, அடுத்த வாரம் இதையும் எடுக்கறேன்னார். பரணி அண்ணா வரல, நீ வந்து வாலப் பிடின்னார்..." நிறுத்தினாள். "எனக்கு ரொம்ப அசதியா இருந்துச்சு சார். விட்டுட்டேன்."

பரணி அவளைப் பார்க்காமல் மெயின் ரோட்டை நோக்கி நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

டெம்போ எப்போதோ போய்விட்டிருந்தது. விமானத்தையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டும். தனம் ஜீப்பின் பின்கதவைத் திறந்து, இறக்கையோடு சேர்த்துத் திணிக்கப் பார்த்தாள். எங்கோ 'க்ரீச்' என்றது.

"இன்னா சார் இது... நுழைய மாட்டேங்குது!" என்று இன்னும் பலமாகத் தள்ளினாள்.

"தள்ளாதீங்கக்கா!" ஜெயஸ்ரீ பதறி எழுந்தாள். "ரெண்டே போல்ட்டுதான்... நான் கழட்டித் தரேன்."

ஜீவானந்தம் அவளைப் பார்த்தார். இறக்கையைப் பார்த்தார். இறக்கையை விட்டுவிட்டு விலங்கைக் கையில் எடுத்த தனத்தைப் பார்த்தார்.

"அத அப்புறம் மாட்டலாம் தனம். மொதல்ல அந்தம்மாவுக்கு ஒரு ஸ்பேனர் குடு."